சித்தச்சீட்டு

ஆகஸ்ட் 5, திங்கள்

இன்று காலை பத்தேகால் மணிக்கு ஒரு ஜோடி சிவப்புச் செருப்பு வாங்கினேன். யாரையும் கேட்கவில்லை!

இதை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்து அறைக்குள் இரண்டு சுற்று சுற்றி வந்தேன். முப்பத்தாறு வயதுப் பொம்பளை, செருப்பு வாங்கியதற்கு இவ்வளவு ஆட்டமா என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். பார்க்க ஆள் இல்லை. அதனால் இன்னொரு சுற்றும் சுற்றினேன்.

பதினோரு வருஷம் விழிப்புக்கூடம் என்ற ஜெபக் குழுவோடு தங்கி இருந்தேன். அங்கே செருப்பு வாங்க வேண்டும் என்றால் முதலில் சித்தச்சீட்டு எழுத வேண்டும். துண்டுத்தாளில் கேள்வியை எழுதிப் பெட்டியில் போட்டால், கூடத்தின் தலைவர் பெரியண்ணன் அதை ஜெபத்தில் வைத்து, தேவசித்தம் 'உண்டு' அல்லது 'இல்லை' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பித் தருவார். பல் பிடுங்கச் சீட்டு, ஊருக்குப் போகச் சீட்டு, கல்யாணத்துக்கும் சீட்டு. என் கல்யாணச் சீட்டு 'இல்லை' என்று வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். செருப்பில் கறுப்பு உண்டு, பழுப்பு உண்டு, சிவப்பு கிடையவே கிடையாது.

இன்னொன்று 'இருதய நோட்டு'. அந்த வாரம் மனதில் வந்த கெட்ட நினைவுகளை ஒன்று விடாமல் எழுதிச் சனிக்கிழமை பெண்கள் பொறுப்பாளர் ரூபி அக்காவிடம் கொடுக்க வேண்டும். அக்கா படித்துவிட்டுப் பெரியண்ணனிடம் கொடுப்பாள். இந்த நோட்டு அப்படியல்ல. நானே வாங்கினேன், நானே எழுதுகிறேன், நானே படிக்கப் போகிறேன். இதை நினைத்தாலே கை பரபரக்கிறது.

வெளியே வந்து ஐந்து மாதம் ஆகிறது. பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறை. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கும் வேலை. தங்கச்சி கெசியாவின் வீடு இரண்டு தெரு தள்ளி. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா போய் நாலு வருஷம். அம்மா அடக்கத்தின்போது நான் ஊரில் இல்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

செருப்பு கடிக்கிறது. கடிக்கட்டும், நான் வாங்கிய செருப்பு.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இன்றோடு வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

ஒரு காதுகுத்துப் பத்திரிகை வந்தது. எங்கள் சபைக் குடும்பங்களில் எந்தப் பத்திரிகையானாலும் தலைப்பில் 'கர்த்தருக்குச் சித்தமானால்' என்று போடுவது வழக்கம். என் விரலுக்கு அந்த வரி மனப்பாடம். அது பாட்டுக்கு அடித்துவிட்டது. கீழே பார்த்தால் 'நிகழும் மங்களகரமான ஆவணி மாதம்', அதற்கும் கீழே 'அருள்மிகு சுடலைமாடசுவாமி திருக்கோயிலில்'!

முதலாளி இசக்கியப்பன் அண்ணாச்சி ப்ரூப் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். அடுத்து என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. தாள் வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றிருக்கிறேன். கூடத்தில் தப்புச் செய்தால் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். அப்புறம் மூன்று நாள் மௌனக்கட்டு. யாரும் நம்மோடு பேசமாட்டார்கள்.

"அங்கன என்னம்மா பாக்க? பல்லி கில்லி கெடக்கா?" என்றார் அண்ணாச்சி.

"தப்பாயிட்டு அண்ணாச்சி."

"தப்புதான். சொடலமாடன் கோயில் காதுகுத்துக்குக் கர்த்தரையும் தாக்கல் சொல்லிக் கூப்புட்டுட்டியே. வந்தா வரட்டும், கெடா வெட்டுதாவ, சாப்புட்டுட்டுப் போட்டும்." வயிறு குலுங்கச் சிரித்தார். "தப்பு வரும்னுதானம்மா ப்ரூப் எடுக்கோம். தப்பே வராதுன்னா நேரா அச்சுக்குல்லா விட்டுருப்போம்."

அரை மணி நேரம் கழித்து, "டீ குடிக்கியா?" என்று கேட்டார். பேசினார்! மூன்று நாள் ஆகவில்லை, முப்பது நிமிஷம்தான் ஆனது. அந்த டீயை ஆறவிட்டு ஆறவிட்டுக் கால் மணி நேரம் குடித்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பெரிய சேதி, பெரிய சேதி. நான் ஞானத்தாய் ஆகப் போகிறேன்!

கெசியாவுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை, மூன்று மாதம் ஆகிறது. பைபிளில் வரும் யோபுவின் மூன்று மகள்கள் பேரைத்தான் அப்பா எங்களுக்கு வைத்தார்: ஜெமிமா, கெசியா. மூன்றாவது மகள் கெரன் பிறக்காமலே பாக்கி நின்றாள். இப்போது வந்துவிட்டாள். செப்டம்பர் எட்டாம் தேதி ஆராதனையில் கெரனுக்கு ஞானஸ்நானம்.

"ஏக்கா, நீதான் புள்ளையத் தூக்கிட்டு நிக்கணும். ஐயர்ட்ட பேரு குடுத்தாச்சு" என்றாள், ஆட்டுக்கறியைக் கிளறிக்கொண்டே. எங்கள் ஊரில் சபைக் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னால் பிள்ளையைக் கையில் ஏந்தி நின்று, ஐயர் கேட்கும் கேள்விகளுக்குப் பிள்ளைக்குப் பதிலாக ஞானத்தாய்தான் 'விசுவாசிக்கிறேன்' என்று சொல்ல வேண்டும்.

சரி என்று சொல்லிவிட்டு இரண்டு தெருவையும் கிட்டத்தட்ட ஓடியே வந்தேன்.

கிளம்பும் முன் கெசியாவின் வீட்டுக்காரர் துரை, "மதினி, மகளக் கொஞ்சம் புடிங்க" என்று நீட்டினார். வாங்கிக்கொள்ளவில்லை. எனக்கு ஜலதோஷம்.

ஆகஸ்ட் 14, புதன்

ஞானஸ்நான உடுப்பு ஞானத்தாய் எடுப்பது வழக்கம். ஐந்து கடை ஏறி இறங்கினேன். ஐந்தாவது கடைப் பெண், "அக்கா, எடுக்கியளா இல்லியா?" என்று கேட்டேவிட்டாள். எடுக்கப் போகிறேன் தாயே, எனக்குத் தேர்ந்தெடுத்துப் பழக்கமில்லை, அதுதான் நேரமாகிறது. கடைசியில் சரிகை வைத்த வெள்ளைக் கவுன் எடுத்தேன். குட்டித் தொப்பியும் உண்டு. வீட்டுக்கு வந்து என் முழங்காலுக்குத் தொப்பி போட்டுப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கெசியா வீட்டில் சாப்பாடு. ஜலதோஷம் இன்னும் விடவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மத்தியானம் அச்சகத்துக்கு ரூபி அக்கா வந்தாள். அதே வெள்ளைச் சேலை, அதே மெல்லிய குரல். அவள் கத்தி ஒருநாளும் கேட்டதில்லை. கத்தியிருந்தால் பதினோரு வருஷம் இருந்திருக்கமாட்டேன்.

"ஸ்தோத்திரம் ஜெமிமா. பெரியண்ணன் உன்ன நெனச்சு ரொம்ப பாரப்படுதாங்க."

"நல்லா இருக்கேன்க்கா."

"தங்கச்சி புள்ளைக்கு ஞானஸ்நானமாமே. நீதான் தூக்குதியாம்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்மா. கூடத்த விட்டுப் போனவ கை பட்டா அந்தப் புள்ளைக்கு ஆகாது. நானா சொல்லல, காண்பிக்கப்பட்டிருக்கு."

காண்பிக்கப்பட்டிருக்கு. கூடத்தில் எல்லாமே இப்படித்தான். காண்பிக்கப்பட்டது, உணர்த்தப்பட்டது, விலக்கப்பட்டது. எழுவாயே இருக்காது. யார் காண்பித்தார், யார் பார்த்தார் என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். ப்ரூப் பார்க்கிற புத்தி இப்போது வருகிறது. ரூபி அக்கா நின்றபோது வரவில்லை. "சரிக்கா" என்று சொல்லி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

எனக்கு ஜலதோஷம் எதுவும் இல்லை. பிள்ளை பிறந்து மூன்று மாதமாக நான் அதைத் தொடவில்லை. ரூபி அக்கா சொன்னது எனக்குப் புதிதல்ல. கூடத்தை விட்டுப் போகிறவர்களைப் பற்றி அங்கே எல்லோரும் அப்படித்தான் பேசுவோம். நானும் பேசியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

தூக்கிவிட்டேன்!

நானாகத் தூக்கவில்லை. கெசியா வீட்டில் அடுப்பில் பால் பொங்கியது. அவள் "ஏக்கா, புடி" என்று பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு ஓடினாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், போலீசிடம் மாட்டியவன் மாதிரி. பிள்ளை நழுவப் பார்த்தது. பிடித்தேன். அவ்வளவுதான்.

பால் வாசம். கழுத்து மடிப்பில் பவுடர் திட்டு. என் கட்டைவிரலைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தாள். கெசியா திரும்பி வந்து கையை நீட்டினாள். "இருடி, இப்பதான வாங்கினேன்" என்றேன். ஒரு மணி நேரம் கொடுக்கவில்லை. சாயங்காலம் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

ஆகஸ்ட் 28, புதன்

இதை எழுதும்போது சிரிப்புதான் வருகிறது.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கெசியா போன் செய்தாள். "ஏக்கா, புள்ளைக்கு மேலு சுடுது. வரும்போது அந்தச் சொட்டு மருந்து ஒண்ணு வாங்கிட்டு வாரியா?" மருந்து என் காதில் விழவில்லை. மேல் சுடுகிறது, அது மட்டும்தான் விழுந்தது. நேற்றுத் தொட்டேன், இன்று காய்ச்சல்.

ப்ரூப் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கத்தில் சீட்டு எழுதினேன். 'பிள்ளையைத் தொட்டதற்கு மன்னிப்பு உண்டா?' எழுதி முடித்த பிறகுதான் போடுவதற்குப் பெட்டி இல்லை என்று தெரிந்தது. கூடத்துக்கே போன் போட்டேன். ஐந்து மாதமாக மறந்துவிட்டேன் என்று நினைத்த நம்பரை விரல் தானாக அழுத்தியது. ரூபி அக்கா எடுத்தாள். "பெரியண்ணன் ஜெபத்துல இருக்காங்க. வைக்காத, காத்திரு." போனைக் காதில் வைத்தபடியே இரண்டு தெருவையும் ஓடினேன்.

"மருந்து எங்க?" என்றாள் கெசியா.

"நான் தொட்டுட்டேன் கெசியா."

"என்னத்த?"

"புள்ளைய. நேத்து. அதான் காய்ச்சல்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பிள்ளையின் கவுனைத் தூக்கித் தொடையைக் காட்டினாள். அங்கே சின்னதாக ஒரு பிளாஸ்திரி. "காலைல ஊசி போட்டுட்டு வந்தோம்லா. காய்ச்சல் வரும், பயப்படாதீங்கன்னு நர்சம்மா சொல்லித்தான் அனுப்புனாவ. நீ தொட்டா காய்ச்சல்னா, பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் ஒரு நாளைக்குப் பத்து தரம் கொஞ்சுதாளே, அதுக்கு என்ன வரணும், டைபாய்டா?"

அந்த நேரம் பார்த்துப் போனில் ரூபி அக்கா, "ஜெமிமா, பெரியண்ணன் லைன்ல வாராங்க" என்றாள். கெசியா என் காதிலிருந்து போனைப் பிடுங்கினாள். "வையுங்கம்மா, புள்ள தூங்குது" என்று சொல்லி அணைத்துவிட்டாள்.

பெரியண்ணனை ஒருத்தி பாதியில் வெட்டிவிட்டாள்! கூரை இடிந்து விழவில்லை. நான் போய் மருந்து வாங்கி வந்தேன். எட்டு மணிக்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது.

ஆகஸ்ட் 29, வியாழன்

சாபப் பயம் போய்விட்டது. இப்போது வேறொன்று வந்து நிற்கிறது. 'விசுவாசிக்கிறேன்' என்று நான் சொல்ல வேண்டுமே, யாரை? ஜெபம்பண்ணக் கண்ணை மூடினால் பெரியண்ணன் குரல்தான் கேட்கிறது. பதினோரு வருஷம் ஆண்டவர் அந்தத் தொண்டையில்தான் எனக்குப் பேசினார். பெரியண்ணனைக் கழித்துவிட்டால் மிச்சம் யாராவது இருக்கிறாரா என்று தெரியவில்லை. தெரியாமல் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொல்லமாட்டேன். வேறு எங்கே வேண்டுமானாலும் சொல்வேன், அங்கே மாட்டேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

அறுப்பின் பண்டிகை நோட்டீஸ் அடிக்க ஐயர் அச்சகத்துக்கு வந்தார். ஜோயல் ஐயர் என்னைவிட ஐந்து வயது சின்னவர். வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. பிரசங்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பார். நோட்டீசில் தேதி சரிபார்த்து முடித்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டேன்.

"ஐயா, எனக்கு விசுவாசம் இருக்கா இல்லியான்னே தெரியல. நான் ஞானத்தாயா நிக்கலாமா?"

"தெரியலக்கா" என்றார் அவர். "இப்படி யாரும் எங்கிட்ட கேட்டதில்ல. யோசிச்சுச் சொல்லுதேன், ரெண்டு மூணு நாள் குடுங்க."

அவர் போன பிறகு நான் நாற்காலியில் உட்கார முடியாமல் எழுந்து நின்றேன். ஒரு குருவானவர் 'தெரியல' என்கிறார்! பதினோரு வருஷத்தில் பெரியண்ணன் வாயிலிருந்து அந்தச் சொல் ஒரு தடவைகூட வந்ததில்லை. என் செருப்பு நிறம் முதல் உலக முடிவு வரை அவருக்குத் தெரியும். இவருக்குத் தெரியவில்லை, அதைச் சொல்ல வெட்கமும் படவில்லை. எனக்கு என்னவோ அந்த ஒரு வார்த்தையிலேயே பாதி பாரம் இறங்கிவிட்டது.

"நோட்டீசுக்கு அட்வான்ஸ் கூட இவ்வளவு சந்தோசமா வாங்கமாட்டியே" என்றார் அண்ணாச்சி.

செப்டம்பர் 3, செவ்வாய்

ஐயர் சொன்ன மாதிரியே வந்தார். நோட்டீஸ் கட்டை வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் சொல்வது போலச் சொன்னார்.

"அக்கா, சொல்ல முடிஞ்சாச் சொல்லுங்க. முடியலன்னா சும்மா நில்லுங்க. பின்னால நூத்தம்பது பேரு நிக்காங்கல்லா, அவங்க சொல்லுவாங்க. அதுக்குத்தான எல்லாரும் சேந்து சொல்லுதோம். எனக்கே சில ஞாயித்துக்கெழம அவங்க சத்தத்துலதான் வண்டி ஓடுது."

சும்மா நிற்கலாமாம். சுவரைப் பார்த்து அல்ல, சபையோடு சேர்ந்து. சும்மா நிற்பதென்று முடிவு செய்துவிட்டேன். பொய்யும் இல்லை, கெசியாவுக்கு ஏமாற்றமும் இல்லை.

செப்டம்பர் 7, சனி

நாளை விருந்து. பிரியாணிக்கு நானும் கெசியாவும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். ஒரு மூட்டை. உரிக்க உரிக்க எனக்கு ஒரே நாள்தான் ஞாபகம் வந்தது.

அம்மா அடக்கத்தின்போது நான் ஊரில் இல்லை என்று இந்த நோட்டில் முதல் நாளே எழுதியிருக்கிறேன். பொய். ஊரில்தான் இருந்தேன். வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டரில், கூடத்தில். சேதி வந்ததும் சீட்டு எழுதிப் போட்டேன். 'இல்லை' என்று வந்தது. அன்று உபவாசக் கூட்டம் முடிந்து சாப்பாடு, அதற்கு உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். அப்புறம் போய்ப் பாட்டுப் பாடினேன். வெளியே வந்த பிறகும், அன்றைக்குச் சென்னையில் ஊழியத்தில் இருந்தேன் என்றுதான் கெசியாவிடம் சொல்லியிருந்தேன்.

என் வாய் தானாகத் திறந்துவிட்டது. "கெசியா, அம்மா அன்னைக்கு நான் சென்னைல இல்ல. இங்கனதான் இருந்தேன்."

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்."

"என்ன தெரியும்?"

"ரெண்டு மணிக்கு நானும் இவுகளும் கூடத்துக் கேட்டுல வந்து நின்னோம், உன்னக் கூட்டிட்டுப் போக. உள்ள விடல. நீ பாட்டுப் படிச்சது கேட்டுச்சு. எங்கக்கா சத்தம் எனக்குத் தெரியாதா?"

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். "பின்ன ஏன் ஒண்ணுமே கேக்கல?"

"கேட்டா நீ திரும்பப் போயிருவியோன்னு பயந்தேன்."

"தெரிஞ்சுமா என்னப் புள்ளையத் தூக்கச் சொன்ன?"

"தெரிஞ்சுதான் சொன்னேன்." இப்போதுதான் என்னைப் பார்த்தாள். "எனக்கு உம்மேல கோவம் இல்லன்னு சொல்லமாட்டேன். நாலு வருசம் இருந்துச்சு. ஆனா அந்தக் கேட்டு எனக்குத் தொறக்கலக்கா. நீயே தொறந்துட்டு வந்தேல்லா. எம்மவ உங்கையில இருந்தா எனக்குப் பயமில்ல. சவத்த, அழாத. தோலோட போடுத பாரு, பாத்து உரி."

இரண்டு பேரும் அழுதோம். உள்ளே வந்த துரையிடம் வெங்காயம் என்று சொன்னோம். அவரும் நம்பியது போலக் கேட்டுக்கொண்டார்.

அறைக்கு வந்து முழங்கால் போட்டேன். சொல்வதற்கு ஒன்றுமே தோன்றவில்லை. ஆனால் முதல் தடவையாக உள்ளே பெரியண்ணன் குரல் கேட்கவில்லை. ஒரு குரலும் கேட்கவில்லை. அந்த அமைதியில் எனக்குப் பயமே இல்லை. என் கதை முழுக்கத் தெரிந்தும் பிள்ளையை என் கையில் கொடுக்கிறவர் ஒருவர் உண்டென்றால், அவர் கெசியா மாதிரித்தான் இருக்க வேண்டும். அவரிடம் எனக்குச் சீட்டு வேண்டாம்.

செப்டம்பர் 8, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

கோயில் நிறைந்திருந்தது. அண்ணாச்சிகூட வேட்டி சட்டையில் வந்து, எப்போது உட்காருவது எப்போது எழுந்திருப்பது என்று தெரியாமல் கடைசி வரிசையில் நின்றுகொண்டே இருந்தார். தொட்டிக்கு முன்னால் போனோம். கெசியா பிள்ளையை என் கையில் வைத்தாள். கெரன் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். நல்ல கனம்.

முதலில் பிசாசையும் அவன் செயல்களையும் வெறுத்துவிடுகிறாயா என்று ஐயர் கேட்டார். "வெறுத்துவிடுகிறேன்!" என்றேன். அவ்வளவு சத்தமாக வரும் என்று நானே நினைக்கவில்லை. மைக் கிறீச்சிட்டது. பாடகர் குழுவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அடுத்த கேள்வி. ஐயர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். சும்மா நின்றாலும் பரவாயில்லை என்று கண்ணாலேயே சொன்னார். எனக்கு நேரம் கொடுப்பதற்காக ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திக் கேட்க ஆரம்பித்தார். "சர்வவல்லமையுள்ள... பிதாவாகிய..."

"விசுவாசிக்கிறேன்" என்றேன்.

கேள்வி இன்னும் பாதிகூட வரவில்லை. பின்னால் நூற்றைம்பது பேரும் வாயைத் திறந்தபடி காத்திருந்தார்கள். ஐயருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்கக்கா" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து கேட்டார்.

பிள்ளையை இன்னும் கொஞ்சம் மேலே ஏந்திக்கொண்டு முழுவதையும் கேட்டேன். மறுபடியும் சொன்னேன்.